மன அழுத்த மாத்திரையும் 'அடிமையாகிவிடுவீர்கள்' என்ற வாட்ஸ்அப் செய்தியும்

"மன அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கினால் அடிமைதான், கொஞ்சம் தெளிந்ததும் தூக்கிப் போடுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மன அழுத்த மாத்திரைகள் போதைப்பொருள் போல ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கெடுதல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். அதனால்தான் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். குணமான பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். அதற்கு முன் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

பழக்கமாகிவிடும் மாத்திரைகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம், குளோனசெபாம் அந்த வகை. அதனால் பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டுமே தருவார்கள். நெடுநாள் எடுத்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அந்தச் செய்தி இரண்டு வகையையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு: மன அழுத்த மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள், முக்கியமாக 25 வயதுக்கு உட்பட்டவர்களை, கூடவே இருந்து கவனியுங்கள். படபடப்போ தற்கொலைப் பேச்சோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.