நாய்க்குட்டி வந்த வீட்டில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பள்ளிக்கு லீவு விட்டதும் எங்கள் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு இரண்டு வந்து சேரும். ஒன்று மாம்பழம், இன்னொன்று நாய்க்குட்டி. மாம்பழத்தைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. குட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பல வருஷமாக வீட்டில் நாய் இருப்பதால் தெருவில் எனக்கு அரை டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் நிறையத் தடவை போய் உட்கார்ந்தவள், அவ்வளவுதான்.

கேள்விகள் வருஷா வருஷம் மாறுவதே இல்லை. "அக்கா, ராத்திரி பூரா அழுவுது." "அக்கா, கைகாலெல்லாம் கடிச்சு வெக்குது." "அக்கா, ஹால் முழுக்க மூத்திரம்." யாரும் கேட்காத கேள்விகள் வேறு. இரண்டாவது ஊசி எப்போது? பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா? தறிப் பக்கம் விடலாமா? குட்டி கீறினால் நாம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா? நாய்க்குட்டி விஷயத்தில் நாம் பயப்படும் வரிசையே தலைகீழ் என்பது என் கருத்து. நாள் போனால் தானாகச் சரியாகிறதுக்குத் தூக்கம் கெட்டுப் புலம்புகிறோம். உயிர் போகிற விஷயத்தை "பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

புலம்பலை முதலில் முடித்துவிடலாம். தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் ஒட்டிப் படுத்துக் கிடந்த உயிரைத் திடீரென்று தூக்கிவந்து மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கட்டிப் போட்டால் அழாமல் என்ன செய்யும்? நீங்கள் படுக்கிற அறையிலேயே ஓரமாக ஒரு பெட்டி போடுங்கள். நீங்கள் உடுத்திய பழைய சேலையையோ லுங்கியையோ மடித்து உள்ளே வையுங்கள். சிணுங்கினால் கையைத் தொங்கவிட்டு அதன் முதுகில் வையுங்கள். அநேகமாக ஒரு வாரத்தில் அடங்கிவிடும். "அழட்டும் விடு, பழக்கம் கெட்டுப் போயிடும்" என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மூத்திரமும் அப்படித்தான். இரண்டு மாதக் குட்டி பகலில் மூன்று மணி நேரம் அடக்கினாலே பெரிய விஷயம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி ஓய்ந்ததும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள். போய் முடித்ததும் ஒரு வாய் தீனி கொடுத்துக் கொஞ்சுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கிற வேலை மட்டும் வேண்டாம். உங்கள் கண் முன்னால் போகக் கூடாது என்பதைத் தவிர அதிலிருந்து குட்டி எதையும் கற்றுக்கொள்ளாது. அப்புறம் பீரோவுக்குப் பின்னால் போகும்.

கடிக்குக் காரணம் பல். குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்று, நான்கு மாதத்தில் விழ ஆரம்பித்து, ஏழு மாதம் ஆவதற்குள் 42 பற்களும் முளைத்துவிடும். அதுவரை ஈறு ஊறும், கிடைத்ததைக் கடிக்கும். சேலை முந்தானையும் நைட்டி ஓரமும் தரையில் ஆடிக்கொண்டே போனால் விடுமா? ஃப்ரிட்ஜில் வைத்த முழுக் கேரட்டைக் கொடுத்துப் பாருங்கள். கையைக் கடித்தால் கத்தி அடிக்காமல், விளையாட்டை அதோடு நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

ஆனால் கடியில் பாதி, குட்டியை எப்போது வாங்கினோம் என்பதில் இருக்கிறது. "45 நாள் குட்டி, முதல் ஊசி போட்டாச்சு" என்று வாட்ஸப்பில் படம் வருகிறதே, அதைச் சொல்கிறேன். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப் பிறந்ததுகளிடமும் தாயிடமும்தான். இது வீலென்று கத்தினால் அது விடும். அது கத்தினால் இது விடும். இந்தப் பாடம் மும்முரமாக நடக்கும்போதே பிரித்து எடுத்து வந்துவிட்டு, "ரொம்ப முரடா இருக்குதுங்க" என்று குறைப்பட்டால் எப்படி? எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. எட்டு வாரம் என்றால் 56 நாள். விற்கிறவருக்கு அந்தப் பதினொரு நாள் தீனிச் செலவு மிச்சம். வாங்குகிற நமக்கும் குட்டி எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு ஆசை.

சரி, இனி பயப்பட வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில் பார்வோ. குட்டியின் குடலைத் தாக்கி, வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வரவைக்கிற கிருமி நோய் அது.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் லாப்ரடார் குட்டி வாங்கினார்கள். முதல் ஊசி போட்ட அட்டை கையில் இருந்தது. ஊசிதான் போட்டாயிற்றே என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டு வாசலில் சில மாதம் முன்பு ஒரு குட்டி ரத்தபேதியில் செத்திருந்தது. யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அடுத்த வாரம் இது சாப்பாட்டைத் தொடவில்லை. அப்புறம் வாந்தி. அப்புறம் கழிச்சல், அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. முதலில் காட்டிய இடத்தில் அஜீரணம் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மோர் ஊற்றினார்கள், மாதுளைத் தோல் அரைத்துக் கொடுத்தார்கள். சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்போது குட்டியின் உடம்பில் நீரே இல்லை.

முதல் ஊசி போட்டும் ஏன் வந்தது என்று அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரம் இருக்கும். அது இருக்கிறவரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். டாக்டர் காசு பார்க்கப் பிரித்துப் பிரித்துப் போடுகிறார் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் இதுதான், காசு இல்லை. கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருநாய் நடமாடும் மண்ணில் குட்டியின் கால் படக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவினால்தான் சாகும். அது காய்ந்த பிறகே அங்கே நாயை விட வேண்டும். நோய் வந்துவிட்டால் கிருமியை நேராகக் கொல்லும் மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தாக்குப்பிடிக்க உதவுவதுதான் வைத்தியம். சீக்கிரம் கொண்டுபோனால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன. "ஒரு நாள் பாக்கலாம்" என்கிற அந்த ஒரு நாளில்தான் போய்விடுகிறது.

அதற்காக 16 வாரமும் அறைக்குள் பூட்டிவைத்தால் இன்னொரு சிக்கல். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரை பார்க்கிற கேட்கிற எல்லாவற்றையும் "இது உலகத்தில் இருக்கிற சாதாரண விஷயம்" என்று குட்டி மனசில் போட்டுக்கொள்ளும். அதன் பிறகு புதிதாக எது வந்தாலும் முதலில் பயம்தான். மே மாதம் வாங்கிய குட்டிக்கு ஆடி வந்துவிடும். கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் ஊரே மேளமும் மைக்செட்டுமாக இருக்கும். அது முடிந்தால் தீபாவளி. எனவே இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். பால்காரர், பஸ், ஹெல்மெட் போட்ட ஆள், குச்சி ஊன்றி நடக்கிற தாத்தா எல்லாரையும் பார்க்கட்டும். செல்போனில் வெடிச் சத்தத்தைச் சன்னமாக வைத்து, பக்கத்தில் தீனி போடுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய இரண்டு ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். தறி வீட்டில் குட்டிக்குப் பிடித்த இடம் குழித்தறிக்குள் மிதிக்கு அருகில்; குளுகுளுவென்று இருக்கும். பக்கத்தில் தார், அதாவது நெய்வதற்கு நூல் சுற்றிய சின்னக் குழல்கள், வைத்த கூடை. ஒரு நாள் ஒரு வீட்டில் போய்ப் பார்த்தபோது குட்டியின் வாயிலிருந்து கத்திரிப்பூ நிறப் பட்டு நூல் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுமுனை உள்ளே. பையன் அதைப் பிடித்து இழுக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன். நூலின் ஒரு முனை நாக்குக்கு அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு மிச்சம் குடலுக்குள் போனால், குடல் சுருக்குப்பை மாதிரி அந்த நூலில் சுருங்கும். இழுத்தால் நூல் குடலை அறுக்கும். வாயில் தொங்கினாலும் பின்னால் தொங்கினாலும் இழுக்கக் கூடாது, நேரே டாக்டர்தான். ஜரிகையும் தையல் நூலும் அப்படித்தான்.

இன்னொன்று மாங்கொட்டை. சப்பிப் போட்ட மல்கோவாக் கொட்டையை ஓரளவு வளர்ந்த லாப்ரடார் ஒரே விழுங்கில் விழுங்கிவிடும். குடலில் போய் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். சீசன் முடியும்வரை குப்பைக் கூடைக்கு மூடி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சத்தில் வெந்த கோழி எலும்பும் வெங்காயமும் இருக்கும். எலும்பு ஊசியாக உடையும், வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் திராட்சையும் கூடவே கூடாது.

தீனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பால் சோறு மட்டும் போட்டால் வயிறு ஊதும், கழிச்சல் போகும், சதை பிடிக்காது. முட்டையோ வேகவைத்த கோழிக்கறியோ சேருங்கள். கால்சியம் டானிக்கை டாக்டர் சொல்லாமல் ஊற்றாதீர்கள். பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும்.

சேலத்து வெயிலில் ஹஸ்கி என்கிற பனி தேசத்து நாயை வாங்குகிறவர்களிடம் நான் சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன். "ஞாயித்துக்கிழமை ஏற்காடு கூட்டிட்டுப் போயிடுவோங்க்கா" என்கிறார்கள். மற்ற ஆறு நாள்? போகிற வழியில் 20 கொண்டை ஊசி வளைவு வேறு. குட்டிகளுக்கு வண்டிப் பயணத்தில் குமட்டல் வருவது சகஜம். பாதி மலை ஏறும்போதே சீட்டெல்லாம் வாந்தி எடுத்துவிடும். மே மாதக் கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடப்பது வழக்கம். ஊசி முடியாத குட்டியை அந்தக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எல்லாவற்றிலும் பெரியது வெறிநோய். "குட்டிதானே, பால் பல்தானே" என்று சிரித்துக்கொண்டே விடுகிறோமே, அங்கேதான் எனக்குக் கோபம் வரும். குட்டிக்கும் வெறிநோய் வரும், குட்டியிடமிருந்தும் வரும். தெருவில் அழுதுகொண்டிருந்தது என்று தூக்கிவந்த குட்டியின் தாய்க்கு ஊசி போட்டிருந்ததா, வேறு நாய் அதைக் கடித்ததா, யாருக்குத் தெரியும்? அறிகுறி வந்த பிறகு மனுஷனைக் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லாத நோய் அது. பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணினால், அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28-ஆம் நாள். வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம். குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய் ஊசி, அப்புறம் டாக்டர் தரும் தேதிப்படி. பூச்சி மருந்தைச் சின்னதிலேயே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். குடல் புழு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

கடைசியாக, யாரும் வெளியே சொல்லாத ஒன்று. குட்டியை ஆசைப்பட்டுக் கேட்பது பிள்ளைகள், வாங்கி வருவது அப்பா, துடைப்பது அம்மா. எங்கள் மேல் வீட்டுப் பெண் ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். தூக்கமில்லை, வீடெல்லாம் நாற்றம், குட்டி மேல் பாசமே வரவில்லை, திருப்பிக் கொடுத்துடலாமாக்கா என்று கேட்டாள். இப்படித் தோன்றுவது பலருக்கும் நடக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுப்பதும் பாவமில்லை, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தால். ஏற்காடு அடிவாரத்தில், கழுத்துப்பட்டை பதிந்த தடத்தோடு திரிகிற நாய்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் கொண்டுபோய் விடுவதுதான் பாவம். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. முதல் தடவை மாட்டினால் அபராதம் 50 ரூபாய்வரை என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. இந்தக் காலத்தில் 50 ரூபாய்க்கு யார் பயப்படுவார்?

நான் அவளிடம் குட்டியைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ராத்திரி எழுந்து தூக்கிக்கொண்டு போகிற வேலை உங்களுடையது என்றேன். காலையில் துடைப்பது பெரிய பையன். அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. அவள் பொறுப்பில் இப்போது இருப்பது ஊசி அட்டை மட்டும். அதில் அடுத்த தேதியை நான்தான் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.