கைகுலுக்கினால் பணம் வந்துவிடாது
தொழில்முனைவோர் தங்கள் தொழிலை விளக்கி முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஷார்க் டேங்க். "ஷார்க் டேங்கில் டீல் என்று சொல்லிக் கைகுலுக்கினால் அன்றைக்கே பணம் கணக்கில் ஏறிவிடும், வெறுங்கையோடு போனவர் கதை முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

திரையில் நடப்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான், சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. சரிபார்ப்பு வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. முதலீட்டாளரின் ஆட்கள் விற்பனைக் கணக்கு, பழைய கடன், பங்கு யார் யாரிடம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் தோண்டுவார்கள். காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் விலகிப்போன கூட்டாளியின் பெயரில் இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடலாம். சதவீதம் மாறலாம், தொழில்முனைவோரே மனம் மாறிப் பின்வாங்கலாம். கொடுப்பது சேனல் பணமும் இல்லை, முதலீட்டாளரின் சொந்தப் பணம். அப்படியிருக்க, சும்மா விடுவார்களா? ஒளிபரப்பாகும் பத்து நிமிடம், நீண்ட நேரம் நடந்த பேச்சை வெட்டி ஒட்டியது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வெறுங்கையோடு போனவர் கதை முடிவதில்லை என்பதற்கு ஜேமி சிமினாஃப் என்ற தொழில்முனைவோரே போதும். 2013-இல் கேமரா வைத்த அழைப்பு மணியோடு வந்து, 10 சதவீதப் பங்குக்கு 7 லட்சம் டாலர் கேட்டார். கெவின் ஓ'லியரி என்ற முதலீட்டாளர் மட்டும் கடனும் ராயல்டியும் (விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு) கலந்த ஒரு திட்டத்தை நீட்டினார். சிமினாஃப் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் 'ரிங்'. 2018-இல் அமேசான் வாங்கியது.

தொலைக்காட்சியில் முகம் தெரிந்ததால் விற்பனை கூடியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.