மின்தடையை அறிவிக்கலாம், மின்சாரம் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாதா?

கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் தங்கள் வட்டார மக்களுக்காக நடத்தும் சின்ன நிலையங்களான சமுதாய வானொலிகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் விதிகளில் ஒன்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. செய்தியும் நடப்பு விவகாரமும் சொந்தமாக ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், வட்டார மொழியில் பெயர்த்தும் போடலாம். வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா எல்லாம் செய்திக் கணக்கில் சேராது என்பதால் அவற்றுக்கு அனுமதி உண்டு. குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புக்கும் உண்டு. ஆனால் அது உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பாக இருக்க வேண்டும்.

அதாவது, நாளைக்குப் பகல் முழுக்க மின்தடை என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தால் வாசிக்கலாம். டிரான்ஸ்பார்மர் எரிந்து மூன்று நாளாச்சு, இன்னும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஊர்க்காரர் ஒருவர் போன் போட்டுச் சொன்னால்? அது செய்தியா, உரையாடலா? இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் 50 வாட் டிரான்ஸ்மிட்டரையும் ஒரு சின்ன அறையையும் வைத்துக்கொண்டு, சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நாலைந்து பேர். உரிமத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் இருக்கும்போது அவர்கள் அந்த அழைப்பை விட்டுவிடத்தான் செய்வார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

விளைவு என்னவென்றால், பல நிலையங்களில் உரையாடல் என்ற பெயரில் ஆலோசனைதான் ஓடுகிறது. மருத்துவர் வருவார், சர்க்கரை நோய் பற்றிச் சொல்வார். வேளாண் அதிகாரி வருவார், சொட்டுநீர் மானியம் பற்றிச் சொல்வார். நேயர் நன்றி சொல்லி போனை வைப்பார். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1960-களில் திருச்சி வானொலி நிலையம் வேளாண் நிகழ்ச்சிகளில் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றிப் பேசிப் பேசியே தஞ்சை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நின்றுவிட்டது. வானொலியில் கேட்ட பேச்சை நம்பி வயலில் இறங்கியவர்கள் நம் ஆட்கள்.

ஆனால் கிராமத்துப் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் அறிவுரையால் தீர்வதில்லை. மினி பஸ் ஏன் நின்றது, ஏரி மதகு ஏன் பழுதாகியே கிடக்கிறது, துணை சுகாதார நிலையம் ஏன் பூட்டியே இருக்கிறது என்பதெல்லாம் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். அந்த ஆளை மைக் முன்னால் உட்கார வைப்பதுதான் உள்ளூர் வானொலி செய்யக்கூடிய பெரிய காரியம்.

இது புதிய யோசனையும் இல்லை. 1956-இல் யுனெஸ்கோ துணையுடன் புணே வானொலி ஒரு சோதனை நடத்தியது. ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கேட்போர் குழு. வாரம் இரண்டு நாள் குழுவாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், ரேடியோவை அணைத்ததும் தங்களுக்குள் பேசுவார்கள். அந்தப் பேச்சில் எழுந்த சந்தேகமும் கேள்வியும் நிலையத்துக்குப் போகும், பின்னால் வரும் நிகழ்ச்சிகளில் பதில் வரும். கனடாவில் 1941 முதல் 1965 வரை நடந்த பண்ணை வானொலி மன்றங்கள்தான் இதற்கு முன்மாதிரி. போன் வசதியே இல்லாத காலத்தில், ஒருவழிக் கருவி என்று எல்லோரும் நினைத்த வானொலியை இருவழியாக்கிக் காட்டினார்கள். கேள்வி திரும்பிப் போவதற்கும், பதில் திரும்பி வருவதற்கும் அதில் ஒழுங்கான ஏற்பாடு இருந்தது. இன்றைக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு வரை கையில் எல்லாம் இருக்கிறது. அந்த ஏற்பாட்டை மட்டும் காணோம்.

ஒரு சின்ன நிலையத்தில் நான் உட்கார்ந்து பார்த்த ஒரு பதிவைச் சொல்கிறேன். குடிநீர் பற்றிய நிகழ்ச்சி. ஊராட்சி தரப்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். திட்டம், நிதி, இத்தனை லட்சம் லிட்டர் கொள்ளளவு என்று பேசிக்கொண்டே போனார். அப்போது ஒரு அம்மா போனில் வந்தார். “தம்பி, டேங்க்ல தண்ணி ஏறுது. எங்க தெருக் குழாய்க்கு மட்டும் வரல. கேட் வால்வைத் தொறக்குற ஆளு மேலத் தெருவோட திரும்பிப் போயிடுறாரு. அவருக்கு யாரு சொல்லணும், அத மட்டும் சொல்லுங்க.” அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நிகழ்ச்சியை நடத்திய பெண் அவசரப்பட்டு வேறு பேச்சுக்குத் தாவவில்லை. “அண்ணே, யாருகிட்ட சொல்லணும்?” என்று அதே கேள்வியைத் திருப்பி அவரிடமே வைத்தார். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, டேங்க் ஆபரேட்டரின் எண்ணைத் தேடி, “நானே சொல்லிடறேன், நாளைக்குக் காலைல அந்தத் தெருவுக்கும் விடச் சொல்றேன்” என்றார்.

திட்டம், நிதி எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. கேட் வால்வு மறக்கவில்லை. தண்ணீர்ப் பிரச்சினை என்று நாம் பொதுவாகச் சொல்வது அந்தத் தெருவில் ஒரு வால்வாக இருக்கிறது. அந்த வால்வு யார் கையில் இருக்கிறது, அந்தக் கை ஏன் சில தெருக்களுக்கு மட்டும் நீள்கிறது என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். சென்னையிலிருந்து பேசும் எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் இது வராது.

இந்த மாதிரிப் பேச்சில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. சாதி இருக்கிறது, கட்சி இருக்கிறது, பங்காளிச் சண்டை இருக்கிறது. நிகழ்ச்சி நடத்துபவரும் அதே ஊர்க்காரர், நாளைக்குக் காலையில் அதே ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டியவர். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெயரைச் சொல்லாமல் பேசினாலும் குரலை வைத்தே, இது இன்னார் வீட்டு மருமகள் என்று அடையாளம் கண்டுவிடுவார்கள். சுற்றி 10 கிலோமீட்டருக்குள் மட்டும் கேட்கும் வானொலியில் யாரும் முகம் தெரியாத நேயர் இல்லை. அதனால் சில கேள்விகளைக் கேட்டவர் குரலில் போடவே கூடாது என்று நினைக்கிறேன். பல தெருக்களிலிருந்து வந்தவற்றைச் சேர்த்து, நிலையத்தின் கேள்வியாக நிகழ்ச்சி நடத்துபவரே கேட்க வேண்டும். ஒருவர் மேல் குற்றச்சாட்டு வந்தால், அவர் தரப்பைப் பதிவு செய்யாமல் ஒலிபரப்பக் கூடாது. இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். பயிற்சியைக் கொடுப்பதை விட்டுவிட்டுப் பேச்சையே தடுப்பது என்ன நியாயம்?

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன் பிறகு தனியார் தொலைக்காட்சிகள் 24 மணி நேரமும் செய்தி போடுகின்றன. போன் வைத்திருக்கும் யாரும் நேரலையில் பேசலாம். வானொலிக்கு மட்டும் தடை. இதை எதிர்த்து காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு 2013-இல் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. இத்தனை நிலையங்களைக் கண்காணிக்க முடியாது, தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்பது அரசுத் தரப்பில் எப்போதும் சொல்லப்படும் காரணம். சமுதாய வானொலியின் கோபுரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதனால் அதன் பேச்சும் சுற்றுவட்டாரத்தைத் தாண்டாது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். யார் பேசினார்கள், எங்கிருந்து பேசினார்கள் என்று ஊருக்கே தெரிந்த, பதிவும் கையில் உள்ள ஒரு நிலையத்தைக் கண்காணிக்க முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வாட்ஸ்அப் வதந்தியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பொறுப்பான இடம்.

இத்தனை கட்டுக்குள்ளும் சாதித்தவர்கள் இருக்கிறார்கள். 2008-இல் தொடங்கிய சங்கம் ரேடியோவை இன்றைய தெலங்கானாவில், ஜகீராபாத் பக்கம் மாச்சனூர் கிராமத்தில் தலித் பெண்கள் நடத்திக் காட்டினார்கள். விதை, சிறுதானியம், தங்கள் உழைப்பு என்று அவர்கள் பேச்சு வழக்கிலேயே பேசினார்கள். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை மீனவர்களுக்காக ஒலிக்கிறது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் அங்கே உயிர்ப் பிரச்சினை. நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கியதுதான் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி. வழிகாட்டிய மாநிலம் நாம்தான், இந்தக் கேள்வியையும் நாம் எழுப்பலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பணமும் ஒரு காரணம், அதையும் மறைக்க வேண்டாம். 2024-இல் வந்த திருத்திய வழிகாட்டுதல்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். கிராமத்தில் விளம்பரம் தர யார் இருக்கிறார்கள்? அரசு விளம்பரத்தையும் திட்ட நிதியையும் எதிர்பார்க்கும் நிலையம் அரசு அலுவலரிடம் கூர்மையாகக் கேள்வி கேட்கத் தயங்கும். நேயர்களே மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து நிலையத்தைத் தாங்கினால் அந்தத் தயக்கம் கொஞ்சம் குறையும்.

விதி மாறும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தீர்மானம் போடுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள், அப்புறம் அது என்ன ஆனது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வேலைக்குப் போனதால் சபைக்கு வராதவர்கள், வந்தும் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு சபைக்கும் பத்து நாள் முன்னால், சமுதாய வானொலி நிலையம் தன் எல்லைக்குள் இருக்கும் ஊராட்சிகளின் கடந்த சபைத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். ஊராட்சி செயலரையும் வார்டு உறுப்பினரையும் கூப்பிட்டு, இது முடிந்ததா, எதில் நிற்கிறது என்று கேட்கட்டும். வர மறுத்தால், அழைத்தோம், வரவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அழைக்கட்டும். தீர்மானம் பொது ஆவணம், அதை வாசிக்க யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது. உங்கள் பக்கத்தில் சமுதாய வானொலி இருந்தால், இப்படி ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று இந்த வாரமே ஒரு போன் போடுங்கள்.