ஆலிவ் ஒன்றா, இரண்டா?

ஒரு மாதமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் ‘தி பெர்சுவேடர்ஸ்’ ஒரு எபிசோட் ஓடுகிறது. 1971-இல் பிரிட்டனின் ஐடிவியில் வந்த தொடர். ஒரே சீசன், மொத்தம் 24 எபிசோட். அடிதடி, கார், சிரிப்பு எல்லாம் உண்டு. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் ‘பழைய டைம்பாஸ்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் டைட்டிலைச் சொல்லியாக வேண்டும். சிவப்பில் ஒரு ஃபைல், நீலத்தில் ஒரு ஃபைல். திரை இரண்டாகப் பிரிந்து இரண்டு நாயகர்களையும் காட்டுகிறது. ஒரு பக்கம் டேனி வைல்ட்: நியூயார்க் சேரியில் வளர்ந்து, கடற்படைக்குப் போய், எண்ணெயில் கோடி கோடியாகச் சம்பாதித்தவன். இன்னொரு பக்கம் லார்ட் பிரெட் சின்கிளேர்: பிரபு வீட்டுப் பிள்ளை, ஹாரோ பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, ராணுவம், கார் ரேஸ். வசனம் ஒரு வரி கிடையாது. சின்ன வயசுப் படங்களும் பத்திரிகைத் துணுக்குகளும் அடுத்தடுத்து ஓட, பின்னால் ஜான் பேரியின் இசை. ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இசையமைத்த அதே பேரிதான். சண்டைத் தொடருக்கு எல்லோரும் போடுகிற முறுக்கான மெட்டு இல்லை இது. மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் வரும் அந்த இழைக்குள் ஒரு ஏக்கம் இருக்கிறது. ஒரு நிமிஷத்துச் சொச்சத்தில் இரண்டு பேருடைய நாற்பது வருஷமும் நம் கண்முன் ஓடி முடிந்துவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

டேனியாக வரும் டோனி கர்டிஸ் நிஜத்திலும் நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்தவர். ஹங்கேரியிலிருந்து வந்த யூதத் தையற்காரரின் மகன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். ஆக, சிவப்பு ஃபைலில் பாதி அவருடைய சொந்தக் கதை. பிரபுவாக வரும் ரோஜர் மூரோ லண்டன் போலீஸ்காரர் ஒருவரின் பிள்ளை. அந்த நடை, அந்தப் புருவம், கழுத்தில் கட்டும் பட்டுத்துணி எல்லாமே அவராக உண்டாக்கியவை. தன் கதாபாத்திரத்துக்கான உடைகளை அவரே வடிவமைத்தார், எபிசோட் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அதைப் போட்டிருப்பார்கள். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பிரபுவின் மேல் பிரியம் கூடிவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் எபிசோட் பிரான்ஸின் தென்கடற்கரையில் தொடங்குகிறது. சிவப்பு ஃபெராரி டினோவில் டேனி, மஞ்சள் ஆஸ்டன் மார்ட்டினில் பிரெட். ஒருவரை ஒருவர் யாரென்றே தெரியாது. மலைப்பாதையில் ஒருவன் முந்த, மற்றவன் விடாமல் துரத்த, போட்டி போட்டுக்கொண்டு மான்டி கார்லோ ஓட்டலுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே ‘கிரியோல் ஸ்க்ரீம்’ என்று ஒரு காக்டெயில். அதில் ஆலிவ் எத்தனை போடுவது, ஒன்றா, இரண்டா? இதுதான் வழக்கு. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கோட்டு சூட்டுப் போட்ட இரண்டு ஆம்பளைகள் ஒரு ஆலிவுக்காகக் கைகலந்து, அந்தப் பெரிய ஓட்டலையே துவம்சம் செய்கிறார்கள். அடிக்கும்போது இரண்டு பேர் முகத்தையும் பாருங்கள். கோபத்தைவிட சந்தோஷம்தான் அதிகம் தெரியும். இத்தனை வருஷத்தில் தனக்குச் சரிசமமாக நின்று மல்லுக்கட்ட ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம். ஓய்வுபெற்ற நீதிபதி ஃபுல்டன் அவர்களைக் கூப்பிட்டு, 90 நாள் ஜெயிலா, சட்டத்துக்குத் தப்பிய குற்றவாளிகளைப் பிடிக்க எனக்கு உதவியா என்று கேட்கிறார். அப்படித்தான் ஜோடி சேர்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். தொடர் வந்தபோது கர்டிஸுக்கு 46 வயது, மூருக்கு 43. நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு புதுச் சிநேகிதம் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று அந்த வயதில் இருப்பவர்களுக்குத் தெரியும். பழைய நண்பர்கள் ஊர் ஊராகப் போய்விடுவார்கள், புதிதாகப் பழகுகிறவர்களோடு வேலைப் பேச்சுக்கு மேல் நகராது. இங்கே இரண்டு பேர் அந்த வயதில் ஒருவனை ஒருவன் கண்டுபிடிக்கிறார்கள். அன்பை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதே இல்லை. டேனி ‘பிரபுவே’ என்று சீண்டுவான், பிரெட் ‘டேனியல்’ என்று முழுப்பெயரால் அழைத்து அடக்கப் பார்ப்பான். ஆனால் ஒருவனுக்கு ஆபத்து என்றால் மற்றவன் அந்தக் கணமே அங்கே நிற்பான். ‘செயின் ஆஃப் ஈவன்ட்ஸ்’ எபிசோடில் காட்டில் கூடாரம் போட்ட இடத்தில், சாகக் கிடக்கும் ஒருவன் தன் பெட்டியை டேனியின் மணிக்கட்டோடு சங்கிலியால் பூட்டிவிடுகிறான். பெட்டிக்குள் வெடி. அதற்குப் பிறகு அவர்கள் பேசுகிற பேச்செல்லாம் கிண்டல்தான், அந்தக் கிண்டலுக்குள்ளேதான் பதற்றமும் இருக்கிறது.

என் மனைவிக்குப் பிடித்தது ‘க்ரீன்ஸ்லீவ்ஸ்’. பிரெட்டின் பழைய பரம்பரை மாளிகையை யாரோ ரகசியமாகப் புதுப்பிக்கிறார்கள். உள்ளே நுழைய வழி தேடும் பிரெட், லார்ட் பிரெட் சின்கிளேராக நடிக்க ஒரு நடிகன் தேவை என்றதும் அந்த வேலையில் தானே போய்ச் சேர்கிறான். தன்னைப்போல நடிக்கும் தானாக மூர் வருகிற காட்சிகளை நாங்கள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம். குடும்பத்தினர் ஒவ்வொருவராகச் சாகும் இன்னொரு எபிசோடில் மூர் பல வேஷங்களில் வருகிறார், கர்டிஸ் அத்தையாகப் புடவைக்கு ஈடான கவுன் போட்டு வந்து அசத்துகிறார்.

குறைகள் இருக்கின்றன. பெண் பாத்திரங்களுக்குச் செய்ய ஒன்றும் கொடுக்கவில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சில கதைகள் மெலிசு. ஆனால் நல்ல நட்பில் எங்கே போனோம் என்பதையா நினைவு வைத்திருக்கிறோம்?

அமெரிக்காவில் தொடர் எடுபடவில்லை. ஏபிசி சேனல் சனிக்கிழமை இரவு ‘மிஷன் இம்பாசிபிள்’ டிவி தொடருக்கு எதிரே போட்டு, எல்லா எபிசோடையும் காட்டாமலே நிறுத்திவிட்டது. மூர் ஜேம்ஸ் பாண்டாக நடிக்கப் போய்விட்டார், இரண்டாவது சீசன் வரவே இல்லை. ஐரோப்பாவில்தான் கொண்டாடினார்கள். ஜெர்மனியில் ரைனர் பிராண்ட் டப்பிங்கில் மூலத்தில் இல்லாத ஜோக்குகளையெல்லாம் சேர்த்து, தொடரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது: ‘அமிகால்மோன் வோத்ர்’. நண்பனுக்குக் கடிதம் எழுதி முடித்து, ‘இப்படிக்கு, அன்புடன்’ என்று கையெழுத்துக்கு மேலே போடுவோமே, அந்த மாதிரி வார்த்தை. இந்தத் தொடர் எதைப் பற்றியது என்று அவர்களுக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது.

எங்களுக்கு இன்னும் மூன்று எபிசோட் மிச்சம். தினமும் ஒன்று என்பதை வாரத்துக்கு ஒன்று என்று குறைத்திருக்கிறோம். நீங்கள் பார்ப்பதாக இருந்தால் முதல் எபிசோடிலிருந்தே தொடங்குங்கள். அப்புறம், தயவுசெய்து அந்த டைட்டிலை மட்டும் பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள்.