தடவிப் பார்க்க முடியாத பட்டன்கள்

டச் பேனல் வைத்த எந்த வீட்டுச் சாமானையும் இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். "நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க" என்று முதல் கமெண்ட் வரும், தெரியும். போனில் டச் எனக்குப் பிடிக்கும். இந்தப் பதிவையே கண்ணாடியைத் தட்டித் தட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் அடுப்பு, வாஷிங் மெஷின், காரின் ஏசி, காதில் மாட்டும் இயர்பட்ஸ் என்று கண்ட இடத்திலெல்லாம் பட்டனைப் பிடுங்கிவிட்டு வழுக்கும் பரப்பை ஒட்டுகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

இதில் என்ன தவறு என்று பல நாள் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எரிச்சல் மட்டும் இருந்தது. யோசித்துப் பார்த்தபோது புரிந்தது இது: நிஜப் பட்டனில் தொடுவது ஒரு வேலை, அழுத்துவது இன்னொரு வேலை. இருட்டில் ரிமோட்டைக் கையில் எடுத்தால் கட்டைவிரல் முதலில் மேய்கிறது. மேடு எங்கே, பள்ளம் எங்கே, நீளமான பட்டன் எது என்று தடவிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் டிவி எதுவும் செய்வதில்லை. விரல் இடம் கண்டுபிடித்து, இதுதான் என்று உறுதியானபின் அழுத்துகிறோம். டக்கென்று உள்ளே போகிறது, வேலை முடிந்தது என்று விரலுக்கே தெரிகிறது. பழைய போன்களிலும் ரிமோட்டுகளிலும் 5ஆம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். கம்ப்யூட்டர் கீபோர்டில் எஃப், ஜே இரண்டின் மேலும் சின்னக் கோடு இருக்கும். கண் பார்க்காமலே கை தன் வீட்டைக் கண்டுபிடிக்கட்டும் என்று யாரோ அக்கறையாக வைத்தது.

டச்சில் இந்த இரண்டு வேலையும் ஒன்றாகிவிட்டது. தொட்டாலே அழுத்தியதாகக் கணக்கு. தேடவே முடியாது, தேடினால் ஏதாவது நடந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கண்ணைக் கொண்டுபோய் அங்கே வைத்தாக வேண்டும். கை தனியாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது கண்ணும் கூடவே போக வேண்டும். எனக்கு இருக்கும் மொத்தப் புகாரும் இதுதான், மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

பார்வையற்றவர்களுக்கு இது எரிச்சலோடு நிற்பதில்லை. பட்டன் வைத்த மெஷினை ஒருமுறை யாராவது சொல்லிக்கொடுத்தால் அவர்களே இயக்கிக்கொள்வார்கள். தட்டையான பேனல் வந்தபின் சிலர் அதன் மேல் மேடான ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கிறார்கள். ஆனால் டச் பேனலில் அந்த ஸ்டிக்கரைத் தேடிப் போகும் விரலே வழியில் நாலு பட்டனைத் தட்டிவிடும். போனிலாவது திரையை வாசித்துச் சொல்லும் வசதி இருக்கிறது; ஒரு தட்டு தட்டினால் பெயரைச் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால்தான் வேலையைச் செய்யும். அதாவது தொடுவதையும் அழுத்துவதையும் மறுபடி பிரித்துக்கொடுத்திருக்கிறார்கள். வாஷிங் மெஷினில் யார் அதைச் செய்யப்போகிறார்கள்?

என் அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். அவருக்கும் மெஷின் மசிவதில்லை. "அழுத்துறேன்டா, அது கேக்கவே மாட்டேங்குது" என்பார். நான் போய்த் தொட்டால் உடனே வேலை செய்யும். அவருக்கோ தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பு. கோளாறு கையில் இல்லை. இந்த வகை டச் பேனலில் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் விரல் அருகே வந்ததும் அந்தப் புலம் சற்று மாறுகிறது; அந்த மாற்றத்தைத்தான் சர்க்யூட் "தொட்டார்கள்" என்று எடுத்துக்கொள்கிறது. வயதாகித் தோல் உலர்ந்துபோன விரல், உழைத்துக் காய்த்துப்போன விரல் என்றால் அந்த மாற்றம் சிறியதாகிவிடும், மெஷின் கண்டுகொள்ளாது. தண்ணீரோ நேர் எதிர். அதுவும் கடத்தும் என்பதால் ஒரு சொட்டு விழுந்தாலே பேனல் குழம்பிப்போகும். சமையலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் கை எப்படி இருக்கும்? ஈரமாகத்தான் இருக்கும். இதை வடிவமைத்தவர் ஒருநாள்கூட அந்த அடுப்பில் சமைத்திருக்க மாட்டார் என்று நான் பந்தயம் கட்டுவேன். பாத்திரத்தில் இருப்பது பொங்கி வழிந்து பேனலுக்கு ஓடிவிட்டால், பல இண்டக்‌ஷன் அடுப்புகள் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடுகின்றன. அணைவது நல்லதுதான். ஆனால் துடைக்கும்போது துணி பட்டு மறுபடி ஏதோ ஆன் ஆகிறது. திருகு இருந்த காலத்தில் பொங்கினால் கை தானாகப் போய்த் தீயைக் குறைத்தது. இப்போது மைனஸ் குறியை நாலைந்து முறை தட்ட வேண்டும், அதுவும் விரலைத் துடைத்துவிட்டு.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 ஜனவரியில் முதல் ஐபோனைக் காட்டியபோது பட்டனுக்கு எதிராகச் சொன்ன வாதம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. அன்றைய ஸ்மார்ட்போன்களில் கீழ்ப்பகுதியை பிளாஸ்டிக் கீபோர்டு அடைத்துக்கொண்டிருந்தது. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும், ஒவ்வொரு ஆப்புக்கும் ஏற்றமாதிரி மாறாது என்றார். போன் என்பது நாம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும் பொருள். ஒரு நிமிடம் வரைபடம், மறுநிமிடம் கேமரா. அதற்குத் திரை பொருந்தும். அடுப்பு அப்படியா? அதற்கு மொத்தமே கூட்டு, குறை, நிறுத்து. நாளைக்குப் புதிதாக எந்த ஆப்பும் வரப்போவதில்லை. மாறவே மாறாத வேலைக்கு மாறக்கூடிய பரப்பு எதற்கு?

காருக்கு வருவோம், ஏனென்றால் அங்கே இது உயிர் சம்பந்தப்பட்டது. 2022இல் ஸ்வீடனின் 'வி பிலாகரே' என்ற கார் பத்திரிகை ஒரு எளிய சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பத்தைக் கூட்டுவது, ரேடியோவில் குறிப்பிட்ட சேனலை வைப்பது, டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது போன்ற சில வேலைகளைச் செய்ய வேண்டும். பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு முன்பே நேரமும் கொடுத்தார்கள். பட்டன்கள் நிறைந்த 2005ஆம் வருடத்து வோல்வோ வி70 காரில் எல்லாம் முடிய 10 விநாடி. அதற்குள் கார் ஓடிய தூரம் 306 மீட்டர். புதிய கார்களில் கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் எடுத்துக்கொண்டது 44.9 விநாடி, தூரம் 1,372 மீட்டர். பதினேழு வருடம் பழைய காரிடம் தோற்றிருக்கிறது. அந்த ஒன்றே கால் கிலோமீட்டருக்கும் மேல், கண் எத்தனை முறை சாலையை விட்டுத் திரைக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் இது நீதிமன்றம் வரை போனது. நல்ல மழை. டெஸ்லா ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையில் மெனுவுக்குள் போயிருக்கிறார். கார் சாலையை விட்டு இறங்கி மோதிவிட்டது. ஓட்டும்போது மின்னணுக் கருவியைக் கையாண்டதற்கான சட்டம் இதற்கும் பொருந்தும் என்று 2020இல் கார்ல்ஸ்ரூ மேல்நீதிமன்றம் சொன்னது. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் மழையில் வைப்பரைக் கூட்டியதற்கு ஒருவன் தண்டனை வாங்குகிறான், வைப்பரைக் கொண்டுபோய் மெனுவுக்குள் ஒளித்துவைத்தவனுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்கு ஜீரணமாகவில்லை.

போர்க்கப்பலில்கூட இந்தக் கதை நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் யுஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியதில் 10 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறைவு, களைப்பு என்று விசாரணையில் பல காரணங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, சுக்கானும் வேகமும் எந்த மேசையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரியாமல் டச் ஸ்க்ரீன் முன்னால் நடந்த குழப்பம். நெம்புகோலாக இருந்தால் இரண்டு எஞ்சினின் நிலையையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். 2019இல் கடற்படை தன் நாசகாரிக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டைக் கைப்பிடிக்கே மாற்றப்போவதாக அறிவித்தது. மாலுமிகளும் அதைத்தான் விரும்பினார்களாம்.

பிறகு ஏன் எல்லோரும் டச்சுக்கு ஓடுகிறார்கள்? நவீனம், அழகு என்பதெல்லாம் விளம்பரத்துக்கு. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு அச்சு, ஒரு ஸ்பிரிங், ஒரு வயர், லட்சம் முறை அழுத்தினாலும் உடையக்கூடாது என்று ஒரு சோதனை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பரப்புக்குள் தள்ளிவிட்டால் அத்தனை செலவும் மிச்சம். காரில் இன்னொரு வசதி: மென்பொருள் அரைகுறையாக இருந்தாலும் விற்றுவிடலாம், மிச்சத்தை அப்டேட்டில் அனுப்பிக்கொள்ளலாம். அந்த அப்டேட் வரும்போது நேற்றுவரை இடது மூலையில் இருந்த ஐகான் எங்கோ போயிருக்கும். அமெரிக்காவில் 2018 முதல் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். அதற்கு எப்படியும் ஒரு திரை வேண்டும். திரை வந்துவிட்டது, இனி பட்டனுக்கு எதற்குச் செலவு என்று கணக்குப் பார்க்க யாருக்குத்தான் கை வராது? செலவைக் குறைத்தோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அதையே "பிரீமியம்" என்று சொல்லி நம் தலையில் கட்டுகிறார்கள்.

பட்டனுக்கு இடமே இல்லை என்று சொல்பவர்களிடம் டிவி ரிமோட்டைக் காட்டுங்கள். எண்களைக் காணோம். சில ரிமோட்டில் மியூட்கூட இல்லை. ஆனால் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் பெயர் போட்ட நாலு பட்டன், பளிச்சென்ற நிறத்தில், சரியாகக் கட்டைவிரல் விழும் இடத்தில்! அவற்றில் பாதிக்கு என்னிடம் சந்தாவே கிடையாது. அந்த இடத்துக்கு அந்த நிறுவனங்கள் காசு கொடுக்கின்றன, அதனால் இடம் பிறந்துவிட்டது. தெரியாமல் கைபட்டால் பார்த்துக்கொண்டிருந்தது போய் அவர்களுடைய ஆப் திறந்துகொண்டு நிற்கிறது.

போனில் மிஞ்சியிருக்கும் இரண்டு மூன்று பட்டனையும் விடவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் அணையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது பல போன்களில் அப்படிப் பிடித்தால் குரல் உதவியாளர் வந்து "என்ன வேண்டும்" என்கிறது. அணைக்க வேண்டும், அம்மா தாயே. அதற்கு வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமாம். செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம் என்பீர்கள். மாற்றிக்கொண்டேன். அப்பாவின் போனில் யார் மாற்றுவது?

இயர்பட்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காதில் சரியாக உட்காரவில்லை என்று தொட்டால் பாட்டு நிற்கிறது, தலைமுடியை ஒதுக்கினால் அடுத்த பாட்டு. ஆப்பிள் 2019இல் ஏர்பாட்ஸ் ப்ரோவில் காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை விரலால் அழுத்தினால்தான் வேலை செய்யும்படி வைத்தது. தொடுதலும் அழுத்தலும் வேறு என்று அவர்களுக்காவது புரிந்திருக்கிறது.

திரைக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். பட்டன் மேல் அச்சடித்த ஆங்கிலத்தை மாற்ற முடியாது, திரையில் மொழியை மாற்றலாம். "ரின்ஸ்" என்று இருப்பதை "அலசு" என்று காட்டலாம், ஆங்கிலம் வராதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி. ஆனால் நான் பார்த்த மெஷின்களின் மொழிப் பட்டியலில் தமிழ் இருந்ததில்லை. திரையால் கிடைக்கக்கூடிய ஒரே உருப்படியான நன்மையை அப்படியே விட்டுவிட்டு, அதன் தொல்லையை மட்டும் முழுதாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கார்க்காரர்கள் மெல்லத் திரும்பி வருகிறார்கள். ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மின்ட், ஒலி, வெப்பம், விசிறி, எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றுக்கு இனி நிஜப் பட்டன்தான், அந்தத் தவறை மறுபடி செய்ய மாட்டோம், இது கார், போன் அல்ல என்று 2025இல் சொன்னார். மனம் மாறியதற்கு வாடிக்கையாளரின் புலம்பல் ஒரு காரணம் என்றால், மதிப்பெண் இன்னொரு காரணம் என்பது என் ஊகம். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், எச்சரிக்கை விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் 2026 முதல் முழு மதிப்பெண் கிடையாது என்று வைத்திருக்கிறது.

அடுப்புக்கும் வாஷிங் மெஷினுக்கும் மின்சாரம் எவ்வளவு மிச்சமாகிறது என்றுதான் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். கைக்கு எவ்வளவு அடங்குகிறது என்று யாரும் ஒட்டுவதில்லை. அதனால் யூட்யூபில் பெட்டி பிரித்துக் காட்டும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பேனல் எப்படி மின்னுகிறது என்று அரை நிமிடம் காட்டுவதற்குப் பதிலாக, கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த மெஷினை ஒருமுறை நிறுத்திக் காட்டுங்கள். உங்களால் முடிந்தால் நான் வாங்குகிறேன்.