40 சதவீதம் உச்சவரம்புதான்
மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் எந்தப் பாடத்தை முடித்தாலும் மேஜர் (முதன்மைப் பாட) தாளுக்குப் பதிலாகக் கல்லூரி ஏற்றே ஆக வேண்டும், அது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 2021 விதிமுறைப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்கலாம், அவ்வளவுதான். எந்தத் தாளுக்கு எது ஈடு என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும், தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் கல்விக் குழு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் படிக்கிற பிள்ளைகள் இதை நம்பிச் சேர்ந்துவிட்டு, கடைசி செமஸ்டரில் சான்றிதழும் கையுமாக நிற்கக் கூடாது. சேரும் முன்பே பாடத்திட்டத்தையும் கிரெடிட்டையும் (பாடத்துக்கான மதிப்புப் புள்ளி) துறைத்தலைவரிடம் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அப்புறம், வாராந்திர அசைன்மென்ட் மட்டும் போதாது, இறுதித் தேர்விலும் தேற வேண்டும்.