கேதார கௌரிக் காப்பும் இடப்பாகமும்

பாதி சிவன், பாதி அம்மன் என்ற அர்த்தநாரீசுவரர் வடிவம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். தத்துவம் பற்றி அதில் சொன்னது சரி. ஆனால் அந்தக் கட்டுரைக்கு மேலே போட்டிருக்கிற படம் இடம் வலம் மாறிக் கிடக்கிறது. அம்மன் சுவாமியின் இடப்பாகம். பார்க்கிற எங்களுக்கு வலப்பக்கம். படத்தைத் திருப்பி அச்சடிப்பதால் வருகிற பிழை இது. சுவாமியின் சடைமுடியும் குழையும் எந்தப் பக்கம், அம்மனின் தோடும் மார்பும் எந்தப் பக்கம் என்று பார்த்தால் உடனே பிடிபடும்.

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் இந்த வடிவத்தைச் சனம் நினைத்துக் கும்பிடுவது பெரும்பாலும் கேதார கௌரி விரதத்தில்தான். விஜயதசமியன்று தொடங்கித் தீபாவளியை ஒட்டிய அமாவாசை வரை 21 திதி, அதாவது சந்திரக் கணக்கில் 21 நாள். திதி கூடிக் குறைவதால் நாள் கணக்கு 20, 22 என்றும் வரும், பயப்பட ஒன்றுமில்லை. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் வேறுபட்டால், விரத நூலான காப்பைக் கட்டுகிற கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே பிடியுங்கள். பெரும்போகம் என்கிற மாரிகால நெல் விதைப்பும் இதே காலம் என்பதால் வயல்காரர் பலர் கடைசி நாட்களை மட்டும் பிடிப்பதும் உண்டு.

காப்பு நூல் 21 இழை, 21 முடிச்சு. பருத்தி நூலாக இருக்கட்டும். நைலோன் வழுக்கி முடிச்சு அவிழும், மஞ்சளும் பிடிக்காது. ஆண்களுக்கு வலக்கை, பெண்களுக்கு இடக்கை. பழைய காப்பைக் கழற்றி ஓடுகிற தண்ணீரில் விட்டபிறகே புதிது.

படையலில் வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் 21 வைப்பது சுலபம். சிக்கல் 21 அரியதரத்தில்தான் (அதிரசம்). இடித்த அரிசி மா ஈரப்பதம் போகுமுன் பாகில் சேர வேண்டும். பாகு இளகினால் எண்ணெயில் கரையும், முற்றினால் கல்லாகும். முதல்நாளே குழைத்து வையுங்கள்.